வெயில் தின்னும் வாட்ச்

கொக்கராயன்பாளையத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். அது அபாண்டம். மூளை இருக்கிறது. பிறக்கும்போது கொடுத்ததை ஒரு கீறல் விழாமல், ஒருநாளும் வெளியில் எடுக்காமல், புத்தம்புதுசாக வைத்திருக்கிறார்கள். அதிலும் வாய்க்கால் கடைசியில் நிலம் வைத்திருக்கும் பொங்கியண்ணன் குடும்பத்தார் அந்த விஷயத்தில் ரொம்பச் சிக்கனம்.

குடும்பத்தில் பொங்கியண்ணன்தான் பெரியவர். மீசையும் பெரிது. அவ்வளவு பெரிய மீசைக்குக் கீழேயிருந்து வருகிற பேச்சு தப்பாக இருக்காது என்று மற்றவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அவருடைய தம்பி ராக்கியப்பன் எதையும் இரண்டு தடவை யோசிக்கிறவன். இரண்டு தடவையும் தப்பாக யோசிப்பான். பொங்கியண்ணனின் மச்சினன் சென்னியப்பன் எட்டாம் வகுப்பு படித்தவன். ஒரே வகுப்பைப் பல வருஷம் படித்ததால் அதில் அவனுக்கு ஆழ்ந்த ஞானம் உண்டு என்று வீட்டில் பெருமை. சென்னியப்பனின் அக்காவும் பொங்கியண்ணனின் வீட்டுக்காரியுமான பாவாத்தாள் இந்த மூன்று பேரையும் விட ஒரு படி மேல். எந்தப் பக்கம் மேல் என்பதைப் போகப் போகத் தெரிந்துகொள்ளலாம்.

இவர்களுக்கு வந்த தொல்லை தண்ணீர்த் தொல்லை. வெள்ளிக்கிழமை தோறும் பொழுது கிளம்பியதிலிருந்து பகல் பன்னிரண்டு மணி வரை வாய்க்கால் தண்ணீர் இவர்கள் வயலுக்கு. பன்னிரண்டிலிருந்து நாலு மணி வரை மேலக்காட்டு சுப்பராயனுக்கு. நாலு மணி ஆனதும், வாய்க்காலின் மேற்புறத்தில் இருக்கிற பெரிய மதகை அடைத்து வேறு ஊருக்குத் தண்ணீரைத் திருப்பிவிடுவார்கள். இரண்டு வயலுக்கும் நடுவில் ஒரு சின்ன மதகு. அதைத் திறந்தால் தண்ணீர் பொங்கியண்ணன் பக்கம் இறங்கும். அடைத்தால் சுப்பராயன் பக்கம் ஏறும். அதற்கு ஒரு பூட்டு, ஒரே ஒரு சாவி. யார் முறையோ அவர் கையில் சாவி. முறை முடிந்ததும் அடுத்தவர் கையில் கொடுத்துவிட வேண்டும்.

சுப்பராயனிடம் கைக்கடிகாரம் இருந்தது. அவன் கடிகாரத்தில் இவர்கள் காலைச் சாப்பாட்டுக்கு உட்காரும்போதே பன்னிரண்டு அடித்துவிடும்.

"பன்னண்டு ஆச்சுங்கோ. சாவியக் குடுங்க" என்று வந்து நிற்பான்.

"அதுக்குள்ளயா? நிழலு இத்தனை நீளமா உளுகுது?" என்று ஒருநாள் ராக்கியப்பன் கேட்டான்.

"சூரியன் எல்லா ஊருக்கும் பொது. நம்ம வாய்க்கால் மணிக்கு அது எப்படிப் பொறுப்பாகும்?" என்றான் சுப்பராயன்.

மூன்று பேரும் அதை யோசித்துப் பார்த்து, ஞாயம்தான் என்றார்கள். இன்னொரு வெள்ளிக்கிழமை சென்னியப்பன் தன் செல்போனைக் காட்டினான். அதில் எட்டரை மணி என்று இருந்தது.

"இங்க டவர் இருக்குதா?"

"இல்லீங்க."

"டவர் இல்லாத எடத்துல போன் காட்டற மணி செல்லாது. கையில வாட்ச்சு கட்டியிருக்கறவன் சொல்றதுதான் மணி."

சென்னியப்பன் வெட்கப்பட்டுப் போனை மடியில் செருகிக்கொண்டான். செல்லாத மணியைப் பொது இடத்தில் காட்டிவிட்டோமே என்று ரெண்டு நாள் அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

இப்படியே இரண்டு முறை போனதில் நட்ட நாற்று மஞ்சளடித்துப் போயிற்று. வயல் வெடிக்க ஆரம்பித்தது. இன்னும் ஒரு முறை தண்ணீர் பாதியில் நின்றால் எல்லாவற்றையும் உழுது போட வேண்டியதுதான். அந்தப் பயம் வந்த பிறகுதான் பொங்கியண்ணன் மீசையைத் தடவிக்கொண்டு சொன்னார்:

"கையில வாட்ச்சு இருக்கறவன் சொல்றதுதான் மணி. அப்ப நாமளும் ஒண்ணு வாங்கிப் போடலாம்."

இந்த யோசனை வர அவருக்கு வயல் நாற்று முழுக்க மஞ்சளாக வேண்டியிருந்தது. மற்ற இருவரும் பிரமித்துப் போனார்கள்.

டவுனில் வாட்ச்சுக்கடைக்காரர் நல்ல மனுஷர். பேசத் தெரிந்தவர். அதுதான் வினையாகப் போயிற்று. கருப்பு முகத்தில் பெரிய பெரிய வெள்ளை எண்ணும், பச்சைத் துணிப்பட்டையுமாக ஒரு வாட்ச்சை எடுத்து வைத்தார்.

"காட்டுல மேட்டுல அலையறவங்களுக்கு இதுதான் சரி. விலையும் கையைக் கடிக்காது. ஃபீல்டு வாட்ச்சுன்னு பேரு."

"ஃபீல்டுன்னா என்னடா மாப்ளே?" என்று பொங்கியண்ணன் குனிந்து கேட்டார்.

"வயலுங்க மாமா. பாடத்துல வந்துச்சு" என்றான் சென்னியப்பன்.

"வயலுக்குன்னே வாட்ச்சு செய்யறாங்களா!" பொங்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "விவசாயிய நெனைக்கறதுக்கும் ஒருத்தன் இருக்கறான் பாரு."

கடைக்காரர் விடாமல் சொன்னார். "இது சோலாருங்க. பேட்டரி மாத்தற வேலையில்ல. வெயில்தான் இதுக்குச் சாப்பாடு. முழுக்கைச் சட்டைக்குள்ள மறைச்சுப்போடாதீங்க. ராப்பகலா கையிலயே கெடக்கட்டும், குளிக்கறப்பக்கூடக் கழட்ட வேண்டாம். சாவி குடுக்கவே வேண்டியதில்ல. எவனாச்சும் சாவி குடுக்கோணும்னு சொன்னா நம்பாதீங்க. முள்ளு நான் சரியா வெச்சுக் குடுத்திருக்கறேன். நீங்களும் அப்பப்ப முள்ளச் சரியா வெச்சுக்கிட்டாப் போதும், ஒரு தொந்தரவும் வராது. அப்பறம் இன்னொண்ணு, மேகம் மூடி வெயிலே இல்லாமப் போனாலும்..."

இந்த இடத்தில் பஸ் வந்துவிட்டது. மூன்று பேரும் எழுந்து ஓடினார்கள். கடைக்காரர் தொண்டையில் நின்ற அந்த மிச்ச வார்த்தை இன்னும் அங்கேயே நிற்கிறது.

பஸ்ஸில் ஏறியதும் முதல் கவலை, வாட்ச்சுக்குப் பசிக்குமே என்பது. ராக்கியப்பன் அதைப் பிடித்து ஜன்னலுக்கு வெளியே நீட்டினான். அந்தப் பக்கம் நிழல்.

"டிரைவரண்ணா, பஸ்ஸச் சித்தெ திருப்பிப் போட முடியுங்களா? வெயிலு அக்கட்டால இருக்குது" என்று எழுந்து கேட்டான்.

டிரைவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கண்டக்டர்தான் மூன்று பேரையும் இறக்கிவிட்டார். அது அவர்களுக்கு ரொம்ப வசதியாகப் போயிற்று. ஊர் வரைக்கும் வெயிலிலேயே நடந்தார்கள். வழியில் புளியமர நிழல் வந்தபோதெல்லாம் வாட்ச்சை உச்சந்தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். ஊர் வந்து சேர்ந்தபோது மூன்று பேர் முகமும் சுட்ட கத்திரிக்காய் மாதிரி இருந்தது. வாட்ச் தெம்பாக ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டு வாசலில் பஞ்சாயத்து கூடியது. வாட்ச்சை யார் கட்டுவது?

"பெரியவர் நீங்கதானுங்க மாமா கட்டோணும்" என்றான் சென்னியப்பன்.

"நான் மத்தியானம் வீட்டுக்குள்ள படுப்பனே. அது பட்டினி கெடக்குமே" என்றார் பொங்கியண்ணன்.

ராக்கியப்பன் இரண்டு தடவை யோசித்தான். "அண்ணா, இது ஃபீல்டு வாட்ச்சு. வயலுக்கு உண்டானது. அத மனுசன் கட்டிக்கறதே தப்பு. வயல்லயே ராப்பகலா நிக்கறவன் எவனோ, அவன்தான் கட்டோணும்."

"அப்படி எவன் நிக்கறான்?"

பாவாத்தாள்தான் கண்டுபிடித்தாள். "ஏனுங்க, நம்ம பொம்மை நிக்குதுங்களே!"

கொக்கு விரட்ட வயல் நடுவில் நிறுத்தியிருந்த வைக்கோல் பொம்மையைத்தான் சொன்னாள். கவிழ்த்து வைத்த சட்டித் தலையும், பொங்கியண்ணனின் பழைய முழுக்கைச் சட்டையுமாக அது நின்றுகொண்டிருந்தது. நால்வரும் போய் முதலில் அதன் சட்டைக் கையை வெட்டினார்கள். அப்புறம் இடது மணிக்கட்டில் வாட்ச்சைக் கட்டி, நாலடி தள்ளி நின்று பார்த்தார்கள். அந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் வராத களை அதன் முகத்தில் வந்திருந்தது.

"கடைக்காரரு சொன்னதையெல்லாம் ஒண்ணு விடாமச் செய்யோணும்" என்றார் பொங்கியண்ணன். "மொதல்ல முள்ளு."

"வாட்ச்சுக்குள்ளயே ரெண்டு மூணு முள்ளு இருக்குதுங்களே மாமா?" என்று சென்னியப்பனுக்கு ஒரு நிமிஷம் புத்தி எட்டிப் பார்த்தது.

பொங்கியண்ணன் அதை உடனே உள்ளே தள்ளினார். "ரெண்டு முள்ளு எந்த வேலிக்கடா பத்தும்?"

சென்னியப்பன் தலைகுனிந்தான். மூன்று பேரும் வண்டி நிறைய வேலமுள் வெட்டி வந்து பொம்மையைச் சுற்றி இடுப்பளவுக்கு வைத்தார்கள். காற்றில் சரிந்தால் அப்பப்போ சரியாக வைத்துவிடுவது ராக்கியப்பன் பொறுப்பு. உள்ளே போக ஒரு சின்ன சந்து விட்டார்கள். அது பாவாத்தாளுக்காக. குளிக்கும்போதுகூடக் கழட்ட வேண்டாம் என்று கடைக்காரர் சொன்னாரல்லவா? குளிக்கவே குளிக்காத பொம்மை கையில் வாட்ச்சைக் கட்டினால் அந்தப் பேச்சுக்கு என்ன மரியாதை? பாவாத்தாள் தினம் காலையில் ஒரு குடம் தண்ணீர் கொண்டுபோய்ப் பொம்மையைக் குளிப்பாட்டினாள். சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துச் சீயக்காய் போட்டாள். கண்ணில் சீயக்காய் பட்டுவிடக்கூடாது என்று கையை வைத்து மறைத்தாள்.

"அண்ணி, சளி புடிச்சுக்கப் போகுது. தலையத் துவட்டி உடுங்க" என்பான் ராக்கியப்பன் வேலிக்கு வெளியேயிருந்து.

இப்போது ஒரு சிக்கல். மதகு ஒரு மூலையில், மணி ஒரு மூலையில். புதன்கிழமை ஒத்திகை பார்த்தார்கள். ராக்கியப்பன் முள்வேலி ஓரம் நின்று மணியைப் பார்த்துக் கத்துவது. நடு வரப்பில் நிற்கும் சென்னியப்பன் அதை வாங்கிக் கத்துவது. மதகடியில் பொங்கியண்ணன் கேட்டுக்கொள்வது.

"மணி எட்டு!" என்றான் ராக்கியப்பன்.

"மணி எட்டு!" என்றான் சென்னியப்பன்.

பொங்கியண்ணன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அங்க எட்டு. இங்க வந்து சேர்றதுக்குள்ள எவ்வளவு ஆச்சு?" என்று கேட்டார்.

"எவ்வளவு ஆச்சு?" என்று சென்னியப்பன் அந்தப் பக்கம் திரும்பிக் கத்தினான்.

"இப்ப எட்டும் சில்லறையும்!"

"அது இங்க வர்றதுக்குள்ள?"

உச்சிப் பொழுது வரைக்கும் இது நடந்தது. கடைசியில் மூன்று பேருக்கும் தொண்டை கட்டிவிட்டது. இத்தனை கஷ்டப்பட்டு ஒரு மணியை வாங்கிக் கையில் வைத்தால் அது உடனே பழசாகிவிடுகிறதே என்று பொங்கியண்ணன் ரொம்ப வருத்தப்பட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. விடிகிறபோதே வானம் மூடிக் கிடந்தது. சுப்பராயன் வழக்கம்போல் வந்து சாவியைக் கொடுத்துவிட்டுப் போனான். பொங்கியண்ணன் மதகைத் திறந்து, திறந்தபடியே பூட்டி, சாவியை அரைஞாணில் கட்டிக்கொண்டார். தண்ணீர் சலசலவென்று வெடிப்பு வயலில் இறங்கியது. மஞ்சள் நாற்று தலையை ஆட்டியது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது. வேறு யாராவது இருந்தால் வரப்பில் உட்கார்ந்து வெற்றிலை போட்டிருப்பார்கள்.

பாவாத்தாள் பொம்மையைக் குளிப்பாட்டிவிட்டு முள்வேலிச் சந்தில் அலறிக்கொண்டு வந்தாள். "ஏனுங்க, வெயிலக் காணமுங்க! வாட்ச்சு இன்னும் ஒரு வாய்கூடச் சாப்புடலீங்க!"

மூன்று பேரும் வானத்தைப் பார்த்தார்கள். கிழக்கிலிருந்து மேற்கு வரை கிழிசல் இல்லாத மேகம்.

"நேத்தும் பொழுதோட மூடிருச்சு" என்றான் ராக்கியப்பன். "அப்ப நேத்து ராவும் வெறும் வயிறுதான்."

"அரிக்கேன் லைட்டப் பத்த வெச்சுக் காட்டலாங்களா?" என்று கேட்டான் சென்னியப்பன்.

"பழைய சோத்தையா குடுக்கச் சொல்ற?" என்று பொங்கியண்ணன் சீறினார். "அது வயலுக்குன்னு பொறந்த வாட்ச்சு. சுடச்சுட வெயிலுதான் குடுக்கோணும். எங்க வெயிலு இருக்குதோ அங்க கொண்டு போகலாம்."

இந்தச் சமயத்தில்தான் சுப்பராயன் திரும்ப வந்தான். காலைச் சாப்பாட்டு நேரம்.

"பன்னண்டு ஆச்சுங்கோ. சாவியக் குடுங்க."

பொங்கியண்ணன் அவனை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தம்பியைப் பார்த்தார். தம்பி மச்சினனைப் பார்த்தான். மூன்று பேர் முகத்திலும் ஒரே வெளிச்சம்.

"கடைக்காரரு சொன்னாரே, அந்த ஆளு இவன்தான்!" என்றான் சென்னியப்பன்.

"எந்த ஆளு?" என்றான் சுப்பராயன்.

"எவனாச்சும் சாவி குடுக்கோணும்னு சொன்னா நம்பாதீங்கன்னு வாட்ச்சுக்கடையில சொல்லித்தான் அனுப்பிச்சாங்க. இதுக்குச் சாவி குடுக்கவே வேண்டியதில்லியாமா."

"அட, அது வாட்ச்சுக்கு. இது மதகு!"

"வாட்ச்சும் வயலுக்குத்தான், மதகும் வயலுக்குத்தான். உனக்கு ஃபீல்டுன்னா என்னன்னு தெரியுமா?"

சுப்பராயன் நியாயம் பேசினான், கத்தினான், கெஞ்சினான். ஊரை ஏமாற்றிப் பழகியவனுக்கு இவர்களிடம் எங்கே பிடித்து ஏமாற்றுவது என்று தெரியவில்லை. வழுக்கிக்கொண்டே போயிற்று. பூட்டை உடைத்தால் பாசன அதிகாரிகளிடம் போய் நிற்க வேண்டும்; அந்தத் தைரியமும் அவனுக்கு இல்லை. அவன் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருக்கும்போதே மூன்று பேரும் முள்ளுக்குள் பாய்ந்து, கைகால் கிழிய, பொம்மையை வேரோடு பிடுங்கித் தோளில் வைத்துக்கொண்டு வந்தார்கள். வாட்ச்சை மட்டும் கழட்டி எடுத்துப் போகலாம் என்பது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் பிரயோசனமில்லை, கழட்ட வேண்டாம் என்று கடைக்காரர் சொல்லியிருக்கிறார்.

"நீ வயலப் பாத்துக்க" என்று பாவாத்தாளிடம் சொல்லிவிட்டுப் பொங்கியண்ணன் முன்னால் நடந்தார். சாவியும் அவர் அரைஞாணோடு நடந்தது.

பாவாத்தாள் வயலைப் பார்த்துக்கொண்டாள். அன்று முழுக்கக் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

தோளில் ஒரு உருவம், இரண்டு பக்கமும் இரண்டு பேர், முன்னால் மீசைக்காரர் ஒருவர், எல்லார் உடம்பிலும் ரத்தக்கீறல். ரோட்டில் போனவர்கள் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார்கள். பக்கத்து ஊர்ச் சந்தியில் ஒரு பூக்காரம்மா ஓடிவந்து பொம்மை கழுத்தில் மாலை போட்டாள்.

"எப்ப ஆச்சுங்க?" என்று தணிந்த குரலில் கேட்டாள்.

"நேத்துப் பொழுதோட சாப்புட்டதுதானுங்க. அப்பறம் ஒண்ணுமே எறங்கல" என்றான் ராக்கியப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு.

தூரத்தில் கரட்டு உச்சியில் ஒரு பாய் அகலத்துக்கு வெயில் விழுந்தது தெரிந்தது. ஓடினார்கள். மேலே ஏறுவதற்குள் அது அடுத்த சரிவுக்குப் போய்விட்டது. அங்கே ஓடினார்கள். அது கம்பங்காட்டுக்குப் போயிற்று. கம்பங்காட்டுக்காரர் தடியோடு வந்தபோது அது குட்டைக்குப் போயிற்று. குட்டைக்குள்ளும் இறங்கினார்கள். இப்படி அந்த ஒரு பாய் வெயில் அவர்களை மூன்று ஊர் சுற்ற வைத்தது. உச்சி சாய்ந்து வெகு நேரம் கழித்து மேகம் தானாகக் கலைந்து, வெயில் எல்லா இடத்திலும் கொட்டியது. மூன்று பேரும் ஒரு பாறையில் பொம்மையை மல்லாக்கப் படுக்க வைத்து, வாட்ச்சை வானத்துக்குக் காட்டி, சுற்றிலும் உட்கார்ந்தார்கள்.

"வயிறு ரொம்பிருச்சான்னு எப்படிங்க தெரியும்?" என்றான் சென்னியப்பன்.

"ஏப்பம் உடும்" என்றார் பொங்கியண்ணன்.

காதை வாட்ச்சில் வைத்துக் காத்திருந்தார்கள். ராக்கியப்பனுக்கு ஏப்பம் வந்தது. வாட்ச்சுடையது என்று எடுத்துக்கொண்டு, திருப்தியாக ஊருக்குத் திரும்பினார்கள்.

வந்து பார்த்தால் வயல் கெத்துக் கெத்தென்று நிரம்பிக் கிடந்தது. வரப்பு விளிம்பு வரைக்கும் தண்ணீர். நாற்றெல்லாம் நிமிர்ந்து நின்றது. பாவாத்தாள் கண் சிவக்க அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். மதகடியில் சுப்பராயன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான். அவன் முறை முழுக்கத் தண்ணீர் இந்தப் பக்கமே பாய்ந்துவிட்டது. மேலே பெரிய மதகையும் அடைத்துவிட்டார்கள். வாய்க்கால் வறண்டு கிடந்தது.

இந்த உலகத்தில் வேறு எந்தக் குடும்பமாக இருந்தாலும் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கும். ஆனால் இவர்களிடம் வாட்ச் இருந்தது. பொங்கியண்ணன் பொம்மையின் கையைத் தூக்கிப் பார்த்தார். சென்னியப்பன் எண்ணைப் படித்தான்.

"நாலு தாண்டிப்போச்சுங்க மாமா."

"நம்ம முறை பன்னண்டு வரைக்கும்தானே?"

"ஆமாங்க."

"அப்ப பன்னண்டுக்கு மேல பாஞ்சது யாரு தண்ணி?"

ராக்கியப்பன் மெதுவாக வரப்பிலிருந்து காலை எடுத்து, தண்ணீர் படாமல் தள்ளி வைத்துக்கொண்டான்.

"வாட்ச்சு இல்லாம இருந்திருந்தா இது நமக்குத் தெரிஞ்சே இருக்காது" என்றார் பொங்கியண்ணன் பெருமையோடு. "அடுத்தவன் தண்ணி நமக்கு எதுக்கு? மொண்டு குடுத்துரலாம்."

சுப்பராயனுக்குக் காதில் தேன் பாய்ந்தது. துள்ளி எழுந்தான். "ஞாயமுன்னா இதுதானுங்க ஞாயம்! பாதிக்கு மேல எனக்கு உண்டான தண்ணிதானுங்க!"

"பாதின்னு குத்துமதிப்பாவெல்லாம் குடுக்க மாட்டோம்" என்றான் ராக்கியப்பன் கண்டிப்பாக. "உன்றது ஒரு சொட்டு எங்களுக்கு வேண்டாம். எங்களது ஒரு சொட்டு உனக்குக் கெடையாது. எது எதுன்னு தெரிஞ்சாகோணும்."

எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கிற தண்ணீரில் எது பன்னிரண்டுக்கு முன்னால் வந்தது, எது பின்னால் வந்தது? நால்வரும் வரப்பில் குந்தி விவாதித்தார்கள். முதலில் வந்தது அடியில் இருக்கும் என்றான் சென்னியப்பன். முதலில் வந்ததற்கு மரியாதை கொடுத்து மேலே விட்டிருக்கும் என்றான் ராக்கியப்பன். கடைசியில் பாவாத்தாள்தான் தண்ணீரில் விரலை விட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"காத்தாலத் தண்ணி சில்லுனு இருக்குமுங்க. மத்தியானத் தண்ணி வெயில்ல காஞ்சு வெதுவெதுன்னு இருக்கும். தொட்டுப் பாத்தாத் தெரிஞ்சுட்டுப் போகுது!"

பொங்கியண்ணன் மீசையை முறுக்கிவிட்டுக்கொண்டார். இப்படி ஒருத்தியைக் கட்டிக் கொடுத்த மாமனாரை மனசுக்குள் கும்பிட்டார்.

வேலை தொடங்கியது. ஒரு குடம் மொள்வார்கள். பாவாத்தாள் விரலை விட்டுப் பார்ப்பாள். "சில்லுனு இருக்குது, நம்முளது" என்றால் திரும்ப வயலில் ஊற்றுவார்கள். "வெதுவெதுங்குது, அவருது" என்றால் தூக்கிக்கொண்டு போய்ச் சுப்பராயன் வயலில் ஊற்றிவிட்டு வருவார்கள். வெயில் நன்றாகக் காய்ந்திருந்ததால் குடம் குடமாக வெதுவெதுப்பாகவே வந்தது. சுப்பராயன் தன் வரப்பில் காலை நீட்டி உட்கார்ந்து, "பாத்து, சிந்தாமக் கொண்டாங்க" என்று அதிகாரம் செய்தான். இந்த மாதிரி ஆட்கள் பக்கத்து வயலில் கிடைக்கப் போன ஜன்மத்தில் ஏதோ புண்ணியம் செய்திருக்கிறோம் என்று நினைத்தான். அவன் வயலில் ஒரு மூலை நிரம்பிவிட்டது. பொங்கியண்ணன் வயலில் தண்ணீர் மட்டம் குறைய ஆரம்பித்தது.

பொழுது சாய்ந்தது. மேற்கே இருந்து குளிர்ந்த காற்று வீசியது.

பாவாத்தாள் அடுத்த குடத்தில் விரலை விட்டாள். "சில்லுனு இருக்குது. நம்முளது."

அடுத்தது. "நம்முளது."

அதற்கடுத்தது. "இதுவும் நம்முளதுதானுங்க."

ராக்கியப்பன் வயலின் நாலு மூலையிலும் மொண்டு கொண்டுவந்தான். எல்லாம் சில்லென்று இருந்தது. மிச்சம் இருப்பது சுத்தமான காலைத் தண்ணீர் என்று எல்லோருக்கும் சந்தோஷம். குடத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கிளம்பியிருப்பார்கள். பாவாத்தாள்தான் போகிற போக்கில் சுப்பராயன் வயலிலும் ஒரு விரலை விட்டுப் பார்த்தாள்.

"ஏனுங்க! இதுவும் சில்லுனு இருக்குதுங்க!"

மூன்று பேரும் ஓடிவந்து விரலை விட்டார்கள். சந்தேகமே இல்லை. அசல் காலைத் தண்ணீர்.

"அடப்பாவி!" என்றார் பொங்கியண்ணன். "எங்க தண்ணிய மாத்தி வாங்கிட்டியே!"

"இல்லீங்க, பொழுது உளுந்தா எல்லாத் தண்ணியும் ஆறிப்போகுமுங்க!" என்று சுப்பராயன் பதறினான்.

"ஆறிப்போக அது என்ன காப்பியா? டேய், மொள்ளுங்கடா!"

குடங்கள் எதிர்ப்பக்கமாக நடக்க ஆரம்பித்தன. ஊற்றியதையெல்லாம் மொண்டார்கள். வேலை மும்முரத்தில், சுப்பராயன் வயலில் முன்பிருந்தே கிடந்த பழைய தண்ணீரும் சில்லென்று இருந்தபடியால், அதையும் மொண்டார்கள். சுப்பராயன் குறுக்கே விழுந்து பார்த்தான். குடத்தைப் பிடித்து இழுத்தான். "வெதுவெதுன்னு ஒரு குடம் காட்டு, தொடாமப் போறோம்" என்று சொல்லிவிட்டார்கள்.

அவன் புத்திசாலி. அந்த வட்டாரத்திலேயே அவனைப் போல் சூது தெரிந்தவன் கிடையாது. அந்தப் புத்தி முழுவதையும் கூட்டி யோசித்தான். யோசித்துவிட்டு வீட்டுக்கு ஓடினான். கல்யாண அண்டா ஒன்றைத் தலையில் கவிழ்த்துக்கொண்டும் விறகைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டும் திரும்பி வந்தான். வயல் நடுவில் மூன்று கல்லைக் கூட்டி, மிச்சமிருந்த தண்ணீரை அண்டாவில் வாரி ஊற்றி, அடுப்பைப் பற்றவைத்து, சேற்றில் மண்டிபோட்டு உட்கார்ந்து ஊதினான்.

கொஞ்ச நேரத்தில் எழுந்து, "இப்பத் தொட்டுப் பாருங்க! இது என்ற தண்ணியா இல்லியா?" என்று கூவினான்.

குடங்கள் நின்றன. பொங்கியண்ணன் நிதானமாக வந்தார். புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அண்டாவுக்குள் விரலை விட்டார். விட்ட வேகத்தில் எடுத்து, வாயில் வைத்துச் சப்பினார். ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு தம்பியைப் பார்த்துத் தலையாட்டினார்.

"இந்தச் சூடு இன்னிக்கு மத்தியானத்துச் சூடு இல்லடா. இது சித்திரை மாசத்துத் தண்ணி."

"சித்திரையில வாய்க்காலயே அடைச்சிருவாங்களேண்ணா?" என்றான் ராக்கியப்பன்.

பொங்கியண்ணன் மெதுவாகச் சுப்பராயன் பக்கம் திரும்பினார். மீசை துடித்தது.

"அதத்தாண்டா நானும் சொல்றேன். போன சித்திரையில தண்ணியே வரல, அப்ப இது வரப்போற சித்திரையோடது. இவன் அடுத்த வருசத்துத் தண்ணிய இப்பவே திருடிக் காச்சிட்டு இருக்கறான்!"